சந்தை நாள் தெரியாத வழிகாட்டிகள்

ஓர் ஊரின் சாப்பாட்டையும் பண்பாட்டையும் அறிந்துகொள்ளப் பயண வழிகாட்டி நூல்கள் எவ்வளவு தூரம் உதவும் என்பது இந்தச் சொற்பொழிவின் பொருள். நன்றாகவே உதவும் என்பது என் கட்சி. ஆனால் இன்று புத்தகக் கடைகளில் கிடைக்கிற மாதிரியான வழிகாட்டியை நம்பிச் சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றி வருகிறவர் அரைவயிற்றோடுதான் ஊர் திரும்புவார். எழுதியவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. அந்த நூல்கள் இடத்தை வைத்துக் கட்டப்பட்டவை: இந்த ஊர், இந்தத் தெரு, இந்தக் கடை, இத்தனை மணிக்குத் திறக்கும். சங்ககிரிக்கும் மோகனூருக்கும் இடைப்பட்ட மண்ணில் என்ன சாப்பிடலாம் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நாள். என்ன மாதம், என்ன கிழமை, காட்டில் என்ன அறுவடை, எந்த ஊரில் நோன்பி என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். ஆகவே இந்தப் பகுதிக்கு எழுதப்படும் வழிகாட்டி நாள்வாரியாக அமைந்தால்தான் பயன் என்பதைச் சான்றுகளோடு சொல்லிப் பார்க்கிறேன்.

வழிகாட்டி நூல் எப்போதும் சக்கரத்தின் பின்னாலேயே போய்வந்திருக்கிறது. லண்டன் பதிப்பாளர் ஜான் மரே 1836இல் ஐரோப்பாவுக்கான முதல் கையேட்டை வெளியிட்டார். ஈஸ்ட்விக் எழுதிய மரேயின் இந்தியக் கையேடு 1859இல் வந்தது. அதன் ஒரு பகுதி சென்னை மாகாணத்துக்கே உரியது. 1862இல் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை இருப்புப்பாதை முடிந்தது. அதற்குப் பிறகு பயணிக்கு ரயில் நிற்கிற ஊர்தான் ஊர். நாமக்கல்லுக்குப் பயணிகள் ரயில் வந்ததோ 2013இல். ஒன்றரை நூற்றாண்டு ரயிலடியிலேயே நின்ற கண்ணுக்கு நாமக்கல் தெரியாமல் போனதில் வியப்பில்லை. மோட்டார் வந்ததும் நிலைமை மாறியிருக்க வேண்டும். பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1900இல் கையேடு ஒன்றை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. வண்டி வைத்திருப்பவர்கள் நிறைய ஓட்டி டயரைத் தேய்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம்; சாப்பாட்டுக் கடைக்கு நட்சத்திரம் போட்டது 1926இல்தான். அதே நாட்டில் 1934இல் லாரி ஓட்டுநர்கள் சாப்பிடும் சாலையோரக் கடைகளுக்கென்றே 'லெ ரூத்தியே' என்ற வழிகாட்டி பிறந்தது. லாரிக்குப் பாடி கட்டியே பேர் வாங்கிய நாமக்கல்லில் அப்படி ஒன்று ஏன் பிறக்கவில்லை? எந்த மாநிலத்து எந்தத் தாபாவில் சோறு கிடைக்கும், எங்கே தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதெல்லாம் இந்த ஊர் ஓட்டுநர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு இன்னும் கிளீனர் காதோடு நின்றுவிடுகிறது. தென்னிந்திய வழிகாட்டிகளோ மாமல்லபுரம், தஞ்சை, மதுரை, ஊட்டி என்ற தடத்தைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. சேலம் அவற்றுக்கு ஏற்காட்டுக்கு பஸ் மாறும் இடம்.

இடத்தை வைத்து எழுதுவது முழுக்கவும் வீண் என்று சொல்ல மாட்டேன். சேலத்துத் தட்டுவடை செட்டுக்கு அந்த முறை போதும். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு தட்டுவடை. நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, இன்னொன்றின் மேல் காரச் சட்னி. சாயங்காலமானால் தள்ளுவண்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். முறுக்கில் போட்டால் முறுக்கு செட். நொறுக்கிப் போட்டுக் கலந்தால் நொறுக்கல். எந்த வட்டாரத்தில் வண்டிகள் நிற்கும் என்று சொன்னால் போதும், எந்த நாளில் போனாலும் கிடைக்கும். பள்ளிபாளையம் சிக்கனும் அப்படித்தான். ஈரோட்டுக்கு எதிரே காவிரிக் கரையில் இருக்கிற விசைத்தறி ஊர் பள்ளிபாளையம். விதை தட்டிய வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், பொடியாக வெட்டிய கோழி. மசாலாப் பொடி கிடையாது. அந்த ஊரின் பெயரை இன்று சென்னை ஓட்டல்களின் மெனு அட்டையிலும் பார்க்கலாம். கடையில் விற்கக்கூடிய பண்டத்தை எந்த ஊர்க் கடையிலும் விற்கலாம் அல்லவா? அதன் புகழ் பரவப் பரவ அதற்காகப் பள்ளிபாளையம் வரை வர வேண்டிய தேவை குறைகிறது. இடவாரி வழிகாட்டி நன்றாகக் காட்டித் தருவது, ஊரைவிட்டு எளிதில் கிளம்பிவிடக்கூடிய பண்டங்களைத்தான்.

ஊரைவிட்டுக் கிளம்பாதவை வேறு. ஆடி முதல் தேதி, அதாவது ஜூலை 17ஐ ஒட்டி, சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் தேங்காய் சுடுவார்கள். அதற்குச் சில நாள் முன்பே அழிஞ்சில் குச்சி கட்டுக்கட்டாகக் கடைவீதிக்கு வந்துவிடும். தேங்காயின் நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை இறக்கிக்கொண்டு, ஊறிய பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம், ஏலக்காய் எல்லாவற்றையும் அந்தச் சின்னத் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் திணிப்பார்கள். பிறகு இறக்கிய தண்ணீரிலேயே கொஞ்சம் திரும்ப ஊற்றி, குச்சியின் நுனியைச் சீவித் துளையில் செருகுவார்கள். மஞ்சள் பூசி, வாசலில் மூட்டிய தீயில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நின்று திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். ஓடு கருகி வெடித்தால் பதம். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், உள்ளே வெந்த பூரணமும் புகை வாசனை ஏறிய தேங்காயும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பாரதப் போர் தொடங்கிய நாள் ஆடி ஒன்று, முடிந்த நாள் ஆடிப் பதினெட்டு என்று இதற்குக் கதையும் சொல்வார்கள். இதை விற்கிற கடை கிடையாது. ஆடி இரண்டாம் தேதி வந்து கேட்டால் வாசலில் சாம்பல்தான் கிடக்கும். இடவாரி நூலில் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? எழுத இடமில்லை என்பதால்தான் அது விடுபடுகிறது. யாரும் வேண்டுமென்று விட்டதாகத் தெரியவில்லை.

ஆண்டுக்கு ஒருநாள் வருவதை வைத்து வாதம் செய்வது எளிது என்று தோன்றலாம். வாரத்துக்கு ஒருநாள் வருவதைப் பாருங்கள். சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல் பக்கத்துப் புதன்சந்தை இரண்டும் கிழமையையே பெயராக வைத்துக்கொண்டவை. கொங்கணாபுரத்து ஆட்டுச் சந்தை சனிக்கிழமை. சுற்றுப்பட்டு வீடுகளில் என்ன காய், எப்போது கறி என்பதைச் சந்தை நாள்தான் இன்னமும் தீர்மானிக்கிறது. பரமத்திவேலூர்ப் பக்கம் வேறு கணக்கு. ஜேடர்பாளையத்தில் அல்லாள இளைய நாயக்கர் பெயரோடு சொல்லப்படும் அணைக்கட்டிலிருந்து பிரிகிற ராஜவாய்க்கால் கரும்பையும் வாழையையும் வெற்றிலைக் கொடிக்காலையும் வளர்க்கிறது. கரும்பு வெட்டும் நாட்களில் ஆலைக் கொட்டகைகளில் அடுப்பு எரியும்; விறகு அந்தக் கரும்பின் காய்ந்த சக்கையேதான். கொப்பரையில் சாறு பொங்கப் பொங்க அழுக்கு நுரையாக மேலே வரும். அரித்து அரித்து எடுப்பார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் மரத்தொட்டியில் கவிழ்த்து, சூடு தணிவதற்குள் உருண்டை பிடிப்பார்கள், அல்லது அச்சில் போடுவார்கள். அது பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். சூடாக இருக்கிற அந்த வெல்லத்தை ருசி பார்த்தவர் பாக்கெட் வெல்லத்தை வெல்லம் என்று ஒப்புவது கடினம். கொட்டகையின் முகவரியை மட்டும் அச்சிட்டால் என்ன பயன்? அடுப்பு எரியாத நாளில் அது வெறும் கீற்றுக் கூரை. மாம்பழத்துக்கும் இதே சட்டம். மல்கோவா, இமாம்பசந்த், குதாதத், நடுசாலை என்று சேலத்து மாங்காய் மண்டிகளில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டுமானால் கோடையில் வர வேண்டும்.

இடம் என்கிற அலகு உடைந்தே போகிற உதாரணம் எடப்பாடி. அந்த ஊர்ப் பருவதராஜகுலத்தார் தைப்பூசத்தையொட்டிக் காவடி எடுத்து நடந்தே பழனிக்குப் போகிறார்கள். மலைக்கோயிலில் ஓர் இரவு தங்குகிற மரபுரிமை அவர்களுக்கு உண்டு. அங்கேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து பங்கிட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். செய்த கை எடப்பாடி, செய்த இடம் பழனி. ஊர்வாரி நூல் இதைப் பழனியில் எழுதினால் எடப்பாடிக்காரர் ஒப்ப மாட்டார். எடப்பாடியில் எழுதினால் பயணி வந்து ஏமாறுவார். தை மாதத்துப் பக்கத்தில் எழுதிவிட்டால் சிக்கலே இல்லை.

இடத்தோடு ஆளையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லும் வழிகாட்டு முறை தமிழுக்குப் புதிது அல்ல. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றவன் பெறப் போகிறவனுக்கு வழி சொல்வது அவற்றின் அமைப்பு. சிறுபாணாற்றுப்படை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிறது; கொல்லிமலை ஓரி முதலிய வள்ளல்களின் வரிசையும் அதில் வருகிறது. வழியில் எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் தருவார்கள், வேலூரில் எயினர் பெண்கள் புளிச்சோறும் இறைச்சியும் தருவார்கள், ஆமூரில் உழவர் வெண்சோற்றோடு நண்டு தருவார்கள் என்று நிலத்துக்கும் தொழிலுக்கும் ஏற்பச் சாப்பாடு மாறுகிறது. அந்தப் புலவர் கடைப் பெயரைச் சொல்லவில்லை. கடையே இல்லாதபோது எப்படிச் சொல்வார்? எந்த மனிதர், என்ன வேலை செய்கிறவர், எதை உண்கிறவர் என்று சொல்கிறார். பழம்பெருமைக்காக இதை இழுக்கவில்லை. கடையை மையமாக வைக்காமல் சாப்பாட்டை எழுதும் வழி ஒன்று உண்டு என்பதற்கு இது கைவசம் உள்ள சான்று.

பிற்காலத்திலும் அந்த வழி அடைபட்டுவிடவில்லை. லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய சேலம் கெசட்டியரும் வரி வாங்குகிறவனின் கண்ணோடு எழுதப்பட்டவைதான். ஆனால் வரி வாங்குகிறவனுக்குச் சந்தை முக்கியம், விளைச்சல் முக்கியம். அதனால் சுற்றுலாப் பயணி பார்க்காததை அவன் பார்த்தான். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிப் பி.கே. நம்பியார் பொறுப்பில் அன்றைய சென்னை மாநிலத்துத் திருவிழாக்களும் கோயில்களும் தொகுக்கப்பட்டன. தனி மனிதராக நின்று மாவட்டம் மாவட்டமாக நூல் எழுதினார் சோமலெ. அவற்றில் சேலமும் உண்டு. ஏ.கே. செட்டியார் 'குமரி மலர்' நடத்திக்கொண்டே பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார். வெளிநாட்டு முயற்சி ஒன்றும் இங்கே பொருந்தும். அமெரிக்காவில் 1930களின் மந்தநிலையில் வேலையற்ற எழுத்தாளர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்து மாநில வழிகாட்டிகளை எழுத வைத்தது. அதன் கடைசிக் கட்டத்தில் 'அமெரிக்கா ஈட்ஸ்' என்றொரு நூலுக்குக் குறிப்புகள் சேர்த்தார்கள். உணவகங்களை விட்டுவிட்டு, ஊர் கூடி உண்ணும் நிகழ்ச்சிகளை, அதாவது தேவாலய விருந்து, அறுவடை விருந்து போன்றவற்றை எழுதுவது திட்டம். போர் வந்து வேலை நின்றது. முடியாமல் போனாலும் அந்தக் குறிப்புகளைத்தான் உணவு வரலாற்றாளர்கள் இன்று தேடிப் படிக்கிறார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். 'கையில் போன் இருக்கிறது, கூகுள் மேப் இருக்கிறது, தெருவுக்கு இரண்டு யூடியூபர் இருக்கிறார்கள், புத்தகம் எதற்கு?' என்பது முதல் மறுப்பு. பாதி சரி. கடை திறந்திருக்கிறதா, பாதை எது என்பதில் போனோடு புத்தகம் போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம், அந்தப் பக்கங்களைப் புத்தகம் கழித்துவிடலாம். ஆனால் போன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். 'பக்கத்தில் நல்ல பிரியாணி' என்று தட்டத் தெரிந்தவருக்குத் தேங்காய் சுடுவது என்று ஒன்று இருப்பதே தெரியாதபோது அதை எப்படித் தட்டுவார்? நட்சத்திர மதிப்பெண் என்பதும் போனவர்களின் எண்ணம்தான். யாரும் போகாத இடத்தைப் பற்றி அதற்கு எண்ணமே இல்லை. வீடியோவுக்கு ஒரு தட்டு வேண்டும், ஒரு கடைக்காரர் வேண்டும், முதல் வாயிலேயே 'வேற லெவல்' என்று சொல்ல ஒரு முகம் வேண்டும். ஆலைக் கொட்டகையில் மூன்று மணி நேரம் பாகு காய்வதை அது பொறுமையாகக் காட்டாது. கேட்கத் தெரியாத கேள்வியைக் கேட்க வைப்பது புத்தகத்தின் வேலை.

'உள்ளூர் உணவு' என்றால் என்ன என்பதே தெளிவில்லையே என்பது இரண்டாவது. இது கனமான மறுப்பு. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மாவு வரத்து நின்றபோது சேலத்தில் வேரூன்றியது ஜவ்வரிசித் தொழில். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலைத் தெளிய வைத்து, ஈரமாவைத் துணித் தொட்டிலில் குலுக்கி உருட்டி, சூட்டுத் தகட்டில் வறுத்து, களத்தில் காய வைக்கிறார்கள். ஆனால் மூட்டைகளில் பெரும்பகுதி மராட்டியத்துக்கும் வங்காளத்துக்கும் குஜராத்துக்கும் போகிறது. அங்கே விரத நாட்களில் அது கிச்சடியாகிறது. இங்கே நமக்குப் பாயசமும் வடாமும் மிச்சம். நாமக்கல் முட்டையும் கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் சத்துணவுக் கூடங்களுக்கும் போகிறது. ஆம்லெட்டில் ஊர்ப்பெயர் ஒட்டுவதில்லை. விளைகிற இடத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் உள்ளூர் உணவு, தட்டை வைத்துப் பார்த்தால் இல்லை. இதற்கும் நாள்வாரி நூலில் விடை உண்டு. கிழங்கு பிடுங்கும் பருவத்தில் ஆலைக் களங்கள் வெள்ளையாக இருப்பதைப் பார்க்கச் சொல்லலாம். நவராத்திரிக்கு மும்பை அதை உண்பதையும் அதே பக்கத்தில் எழுதலாம். ஊர்ப் பண்பாடு என்பதில் ஊரார் செய்யும் வேலையும் சேர்த்தி.

கூட்டம் வந்து கெடுத்துவிடும் என்பது மூன்றாவது. இதை எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் எதை அச்சிடுகிறோம் என்பதில் விவேகம் இருந்தால் போதும். ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேடமும் புராண வேடமும் போட்டவர்களை ஏற்றிய அலங்கார வண்டிகள் தெருவில் வலம் வரும். அது பார்க்கப்படுவதற்கென்றே நடப்பது; தாராளமாகச் சொல்லலாம். வாசலில் தேங்காய் சுடுவது அப்படியல்ல. தெரிந்தவர் ஒருவர் அழைத்தால் போகலாம், கேமராவைத் தூக்கிக்கொண்டு புகக் கூடாது என்று நூலே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரே கடைக்கு ஆயிரம் பேரை அனுப்புகிற பட்டியலைவிட, பல ஊர்களையும் பன்னிரண்டு மாதத்தையும் காட்டுகிற நூல் கூட்டத்தைப் பிரித்து விடும் என்பதும் சிறு ஆறுதல்.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் கசப்பானது: யாருடைய பண்பாடு? 'கொங்கு சமையல்' என்ற பலகைக்குக் கீழே பரிமாறப்படுவது பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவர் வீட்டு அடுப்படி. அரிசியும் பருப்பும், சந்தகை, ஒப்பிட்டு வரும். அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர்கள் உண்ட களியும் கூழும் அண்மையில்தான் 'ஆரோக்கிய உணவு' என்று உள்ளே விடப்பட்டன. மாட்டிறைச்சிச் சமையல் பக்கம் சுற்றுலா எழுத்து திரும்புவதே அபூர்வம். இரட்டைக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடைகள் உள்ள வட்டாரத்தில் 'உள்ளூர் விருந்தோம்பல்' என்று பொதுவாக எழுதுவது பொய்யாகிவிடும். விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பின அஞ்சல் ஊழியர் 1936இல் நியூயார்க்கில் ஒரு வழிகாட்டி தொடங்கினார். கறுப்பின மக்களை மரியாதையாக உட்கார வைத்துச் சோறு போடும் இடம் எது என்பதுதான் அதன் பொருள். அது முப்பது ஆண்டுக் காலம் வந்தது. வழிகாட்டி நூல் வேடிக்கைப் பொருளாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நாள்வாரி அமைப்பு இந்தக் குறையைத் தானாகத் தீர்த்துவிடும் என்று சொல்லத் துணியவில்லை. ஆனால் எந்த நோன்பியில் யார் சமைக்கிறார்கள், யார் பறை அடிக்கிறார்கள், யார் எந்த வரிசையில் உண்கிறார்கள் என்று நாளோடு எழுதப் புகுந்தால் மறைப்பது கடினமாகும். கடைப் பட்டியலில் மறைப்பது சுலபம்.

அப்படி ஒரு நூலை யார் வாங்குவார்? வெளிநாட்டுப் பயணியை எண்ணி எழுத வேண்டாம். திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் விடுதியில் தங்கிப் படிக்கிற வெளியூர் மாணவர்கள், பள்ளிபாளையம் தறிகளிலும் கோழிப் பண்ணைகளிலும் வேலை செய்கிற வடமாநிலத் தொழிலாளர்கள், இந்தப் பக்கம் மருமகளாக வந்தவர்கள், சேலத்திலேயே பிறந்து பரமத்திவேலூர்ச் சந்தையைப் பார்க்காதவர்கள் என்று வாசகர் இங்கேயே இருக்கிறார்கள். தமிழில் வேண்டும், இந்தியிலும் வேண்டும். கெட்டி அட்டை வேண்டாம். பஞ்சாங்கம் போல ஆண்டுதோறும் மலிவு விலையில் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்க வேண்டும். தேரும் பூச்சாட்டும் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும் என்பதால் ஆண்டுப் பதிப்பைத் தவிர்க்கவும் முடியாது. பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. கல்லூரித் தமிழ்த் துறைகளில் வட்டார வழிபாடு பற்றியும் நாட்டார் வழக்காறு பற்றியும் எழுதிய ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றை மாதவாரியாகப் பிரித்து, விட்டுப்போன சந்தைகளை மாணவர்கள் நேரில் போய்ச் சரிபார்த்தால் முதல் பதிப்புக்குப் போதும். செய்முறை சொல்லித் தருகிற பெண்களுக்கு ஒருநாள் கூலியாவது கொடுக்க வேண்டும். அவர்கள் சம்மதித்தால் அந்தந்தப் பக்கத்தின் கீழ் அவர்கள் பெயரையே போட வேண்டும். அதற்கான செலவை ஓர் அறக்கட்டளை ஏற்கலாம்.